தமிழரசுக் கட்சியைப் பழைய வழிக்குக் கொண்டுவர முடியுமா? மூலக்கிளைத் தொண்டர்களின் எண்ணம்

மூலக்கிளையான், கோப்பாய்:

உறவுகளுக்கு வணக்கம்.

சென்ற வாரம் அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த வேட்டிகளை வெயிலில் போடுவதற்காக வெளியே எடுத்தேன். அடியில் பழைய பஞ்சாங்கம் ஒன்றுக்குள் அவருடைய கட்சி உறுப்பினர் அட்டை இருந்தது. ஓரம் செல்லரித்துவிட்டது. அதோடு சேர்த்து நூலால் கட்டிய சந்தா ரசீதுகள். ஒவ்வொன்றிலும் கிளைப் பொருளாளரின் ஊதா மைக் கையெழுத்து. அப்பா தோட்டக்காரர். வெங்காயம் விலைபோகாத ஆண்டுகளிலும் சந்தா கட்டியிருக்கிறார். ஒரு ரசீதைக்கூட எறியாமல் வைத்திருந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் சிலர் சில மாதங்களாகக் கூடிப் பேசிவருகிறோம். அறுபது கடந்தவர்கள் பாதி, முப்பதுகளில் இருப்பவர்கள் பாதி. எங்களைப் பழமைவாதிகள் என்கிறார்கள். அந்தப் பெயரை நாங்கள் மறுக்கவில்லை. தமிழரசுக் கட்சி எந்தக் கொள்கைக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் கொள்கைக்கும், எந்த ஒழுக்கத்தோடு நடத்தப்பட்டதோ அந்த ஒழுக்கத்துக்கும் திரும்ப வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். மேலே இருப்பவர்கள் இதைச் செய்துதருவார்கள் என்று காத்திருக்காமல் ஊர் மட்டத்துக் கட்சிக் கிளைகளான மூலக்கிளைகளில் இருந்து தொடங்க விரும்புகிறோம்.

வரலாற்றை எல்லோரும் அறிவீர்கள், ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். 1949 டிசம்பர் 18ஆம் திகதி தந்தை செல்வாவும் வன்னியசிங்கமும் நாகநாதனும் இந்தக் கட்சியைத் தொடங்கியபோது அவர்கள் கையில் ஆட்சியும் இல்லை, பதவியும் இல்லை. 1952 தேர்தலில் தந்தை செல்வாவே காங்கேசன்துறையில் தோற்றார். கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராஜவரோதயமும் மட்டுமே வென்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே கட்சி 10 ஆசனங்களைப் பெற்றது. இடையில் நடந்தது என்ன? ஊர் ஊராகக் கூட்டம், கிளை, சந்தா, 'சுதந்திரன்' பத்திரிகை. தோல்விக்குப் பிறகு கொள்கையை மாற்றுவோமா என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அதே சமஷ்டியை, அதாவது கூட்டாட்சிக் கோரிக்கையை, இன்னும் பத்து வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது பாருங்கள். 2024 ஜனவரியில் திருகோணமலையில் பொதுச்சபை கூடித் தலைவரைத் தெரிவுசெய்தது. ஒருவருக்கு 184 வாக்கு, மற்றவருக்கு 137. இரகசிய வாக்கெடுப்பில் ஒரு தமிழ்க் கட்சி தலைவரைத் தெரிவுசெய்ததைப் பார்த்து நான் நெஞ்சு நிமிர்ந்தேன். சில வாரங்களில் விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. மாநாடு நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 6 ஆசனங்களில் 3 தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போயின. வீட்டுக்கு, அதாவது வீட்டுச் சின்னத்தில் நின்ற எங்கள் கட்சிக்கு, கிடைத்தது ஒன்று.

எங்கள் கிளை கூடாமல் போனதற்கு மேலிடத்தைக் குறைசொல்ல மாட்டேன். நாங்களே கூட்டவில்லை. அந்தப் பிழை என்னுடையதும்தான். அதனால்தான் எழுதுகிறேன். கட்சியின் முகமும் கொள்கையும் எப்படி இருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

நல்லூர் இளையவன்:

ஐயா, உங்களை மதிக்கிறேன். ஆனால் நான் 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தவன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை உங்களைப் போன்றவர்கள் ஒருமுறையாவது பொறுமையாகக் கேட்கவேண்டும்.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வேட்பாளர் வந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல விரும்பவில்லை. முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு வான், ஒலிபெருக்கி. என் அம்மா படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் ஒழுங்கையில் மழைக்காலத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் நிற்கிறது, அதைச் சொல்வதற்காக நின்றார். அவர் கையில் துண்டுப்பிரசுரத்தைத் திணித்து, தன்னுடைய விருப்பு இலக்கத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டு வான் போய்விட்டது. அம்மா வாயைத் திறக்கவே இல்லை. பிரசுரத்தில் முழுப் பக்கத்துக்கு அவருடைய முகம். கொள்கை என்று ஒரு வரியும் இல்லை.

நான் சமஷ்டிக்கு எதிரானவன் அல்ல. என்னுடைய பிரச்சினை வேறு. கொள்கையைச் சொல்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருபவர்களிடம் கொள்கை இல்லை. 1949ஐ எனக்குச் சொல்லாதீர்கள், 2029இல் என் தங்கை ஏன் வீட்டுக்கு வாக்களிக்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

வடமராட்சி வாத்தியார்:

தம்பி நல்லூர், உம்முடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்த வான் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பழைய முறையில் ஒரு தொகுதிக்கு ஒரு கட்சியில் ஒருவர்தான் நிற்பார். அவர் தோற்றால் கட்சி தோற்றது, வென்றால் கட்சி வென்றது. 1978 அரசியலமைப்போடு விகிதாசாரமும் அதன் பின்னால் விருப்பு வாக்கும் வந்தன. 1989 தேர்தலில் இருந்து மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு மூன்று இலக்கங்கள் வரை தெரிவுசெய்யலாம். அன்றிலிருந்து ஒரு வேட்பாளருக்குப் பெரிய எதிரி அவருடைய கட்சிக்குள்ளேயே இருக்கிறார், அதே பட்டியலில் அடுத்த இலக்கத்தில். ஊர்காவற்றுறையில் இருந்து பருத்தித்துறை வரை ஒருவர் தன் முகத்தை அறியச் செய்யவேண்டும் என்றால் பணம் வேண்டும், வான் வேண்டும். கிளை வேண்டியதில்லை. கிளையில் இருக்கும் 20 பேரை வைத்து மாவட்டத்தை வெல்ல முடியாது. கிளைகள் வாடியது இப்படித்தான். மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1961இல் எனக்கு 16 வயது. பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மாமாவின் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு போனேன். வாசலை மறித்து நிலத்தில் ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். பொலிஸார் தூக்கி அப்பால் வைத்தால் எழுந்து வந்து மீண்டும் அதே இடத்தில் இருந்தார்கள். சோற்றுப் பொட்டலங்கள் ஊர்களில் இருந்து வந்தன. எந்தப் பொட்டலம் எந்தச் சாதி வீட்டுச் சமையல் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் அது எவ்வளவு பெரிய விடயம் என்பது உங்களுக்கு விளங்குமோ தெரியவில்லை. ஏப்ரலில் கட்சி அரசை மீறித் தானே தமிழரசுத் தபால் சேவையைத் தொடங்கியபோது என் கைச்செலவுக் காசில் முத்திரை ஒன்று வாங்கினேன். சில நாட்களில் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்கள் எல்லோரும் பனாகொடைத் தடுப்புக்காவலில்.

கட்சியின் தோற்றம் என்று இப்போது பேசுகிறீர்கள். அந்த நிலத்தில் இருந்த மனிதர்கள்தான் அப்போது கட்சியின் தோற்றம்.

சைவநெறி, இணுவில்:

மூலக்கிளையானின் முயற்சிக்கு என் ஆதரவு உண்டு. ஆனால் மரபு என்று பேசத் தொடங்கிவிட்டு நடுவழியில் நிற்கக்கூடாது. இந்த மண்ணின் மரபு சைவமும் தமிழும். நாவலர் பெருமான் காலத்தில் இருந்து எங்கள் கல்வியும் ஒழுக்கமும் அதிலிருந்துதான் வந்தன. கட்சி அதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவதால்தான் ஊர்ச் சனங்கள் விலகிப்போகிறார்கள். கோயிலடியில் கூடுகின்ற சனத்தை விட்டுவிட்டு மூலக்கிளையை எங்கே கட்டப்போகிறீர்கள்? கோயில் காணிகள் பறிபோகின்றன, மதமாற்றம் நடக்கிறது. கட்சியின் யாப்பிலேயே சைவப் பண்பாட்டுக்கு இடம் இருக்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

மூலக்கிளையான், கோப்பாய்:

சைவநெறி அண்ணா, நானும் நாள்தோறும் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவன். ஆனால் இந்தக் கோரிக்கையை நான் ஏற்கமாட்டேன். தந்தை செல்வா கிறிஸ்தவர். காங்கேசன்துறைத் தொகுதி மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலையும் இருக்கும் தொகுதி. 1952இல் அவர் தோற்றபோது மதத்தையும் சொல்லித்தான் அவருக்கு எதிராகப் பேசினார்கள். 1956இல் அதே சைவச் சனம் அவரைத் தெரிவுசெய்தது. 1960இல் இரண்டு தடவை, 1965, 1970, பிறகு 1975 இடைத்தேர்தல். சாகும்வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. எங்கள் அப்பாமாரின் மரபு அதுதான். அவர்கள் கோயிலுக்கும் போனார்கள், ஒரு கிறிஸ்தவரைத் தந்தை என்றும் அழைத்தார்கள்.

கோயில் காணி பறிபோவதைக் கட்சி தட்டிக்கேட்கவேண்டும் என்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். காணி பறிபோனது சைவக் கோயிலுடையது என்றாலும் தேவாலயத்துடையது என்றாலும் வலிகாமம் வடக்கில் ஒரு ஏழையின் தோட்டம் என்றாலும் கேட்கவேண்டும். அதற்கு யாப்பைத் திருத்தவேண்டியதில்லை.

தர்மபுரத்தான், கிளிநொச்சி:

எல்லோரும் மரபு, தொடக்கம், கொள்கை என்று எழுதுகிறீர்கள். ஒருவராவது கட்சி ஏன் தொடங்கப்பட்டது என்பதை எழுதுவீர்கள் என்று இதுவரை வாசித்தேன். எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்த எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கிய சட்டம். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. தமிழ்க் காங்கிரஸ் அந்த அரசாங்கத்தோடு சேர்ந்திருந்தது. அதை ஏற்காமல் வெளியே வந்தவர்கள்தான் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். தங்களுக்கு ஒரு வாக்கைக்கூடத் தரமுடியாத சனத்துக்காக அவர்கள் பிரிந்து வந்தார்கள். 1956 திருகோணமலை மாநாட்டின் நான்கு கோரிக்கைகளில் ஒன்று மலையகத் தமிழருக்குப் பிரசாவுரிமை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு மஸ்கெலியாவில் இருந்து வன்னிக்கு வந்தார். ஒரு மண்வெட்டியும் ஒரு சாக்குப் பையும் கொண்டுவந்தார். இந்தக் காட்டை வெட்டிக் கழனியாக்கிய கைகளில் அவருடைய கைகளும் உண்டு. 1964இல் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று மாடு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் இரண்டாகியது. அம்மாவின் பிரசாவுரிமைத் தாள் கைக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அன்றைக்கு அவர் அதைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இப்போதும் எங்களை ஒரு பெயர் சொல்லி அழைப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். பழைய கொள்கைக்குத் திரும்புவது என்றால் முதலாவது பக்கத்துக்குத் திரும்புங்கள். அந்தப் பக்கத்தில் எங்கள் சனம் இருக்கிறது.

வடமராட்சி வாத்தியார்:

தர்மபுரத்தாருக்கு நன்றி. நான் முதலில் எழுதியிருக்கவேண்டியதை நீர் எழுதினீர்.

அதோடு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. கட்சி 1950களிலேயே தீண்டாமை ஒழிப்புத் தீர்மானம் எடுத்தது, 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும் வந்தது. ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சனம் உள்ளே விடும்படி நின்றபோது அவர்களோடு நின்றவர்கள் இடதுசாரிகள். எங்கள் கட்சி முன்வரிசையில் நிற்கவில்லை. நான் அந்தக் கட்சியை நேசித்தவன். அந்த நாள் இன்றும் என்னை உறுத்துகிறது. உடுப்பிட்டியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இராசலிங்கம் 1977இல் வென்றபோது எங்கள் ஊரில் சில வீடுகளில் அடுப்பு எரியவில்லை. வேறு வீடுகளில் வெடி கொளுத்தினார்கள். நான் இரண்டாவது வகை வீடுகளுக்குப் போய் இருந்தேன்.

மரபு காக்கிறோம் என்பவர்கள் எதைக் காக்கிறோம், எதைத் திருத்துகிறோம் என்று பெயர் சொல்லி எழுதவேண்டும்.

ரொறன்ரோ வாசி:

ஊரை விட்டு 36 ஆண்டுகள். இருந்தாலும் நாள்தோறும் ஊர்ச் செய்தி வாசிக்காமல் தூங்குவதில்லை. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். தனிநாடு கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நிறைவேற்றிய மரபில் வந்தவர்கள் ஏன் மீண்டும் சமஷ்டிக்குப் போகவேண்டும்? பழைய கொள்கை என்று எந்த ஆண்டை எடுக்கிறீர்கள், 1949ஐயா, 1976ஐயா? அதைத் தெளிவாக்காமல் கிளை கட்டினால் கிளைக்குள்ளேயே சண்டை வரும்.

மூலக்கிளையான், கோப்பாய்:

ரொறன்ரோ அண்ணா, கேள்வி கடினமானது. அதை மறைக்காமல் கேட்டது நல்லது.

1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம். அடுத்த ஆண்டே கிழிந்தது. 1965இல் பிரதமர் டட்லியோடு ஒப்பந்தம். அதுவும் நடக்கவில்லை. அந்த வரிசையில் ஏமாந்தவர்கள் 1976இல் பண்ணாகத்தில் கூடி எடுத்த தீர்மானம் அது. அந்த மன வேதனையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றை இங்கே இருந்து அனுபவித்தவர்கள் நாங்கள். என் தலைமுறையில் ஒரு வீட்டிலும் சுவரில் மாலை போட்ட படம் இல்லாமல் இல்லை. இன்று இங்கே இருந்துகொண்டு, சட்டத்துக்குள் நின்று, என் மகனின் உயிரைக் கேட்காமல், நான் கேட்கக்கூடியது சமஷ்டி. அதை 1949இல் கேட்டவர்கள் கோழைகள் அல்லர்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 2008இல் கட்சியின் யாப்பில் சமஷ்டி என்ற சொல்லின் இடத்தில் இணைப்பாட்சி என்று மாற்றினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், இது தனிநாடு கேட்கும் கட்சி என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2017 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பது ஆகாது. ஒரு சொல்லுக்காக மூன்று ஆண்டு வழக்கு. எங்கள் ஊரில் 10 பேரைக் கூப்பிட்டு அந்த இரண்டு சொல்லுக்கும் வேறுபாடு கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு வழக்கு நடந்ததையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். இதை வாசிகசாலையில் இருந்து விளக்குவதற்குத்தான் மூலக்கிளை. தொலைக்காட்சி விவாதத்தில் இது விளங்காது.

சுன்னாகத்தாள்:

இதுவரை எழுதிய எல்லோரும் அண்ணன்மாரும் ஐயாமாரும். நான் ஒரு சொல் சொல்கிறேன்.

உள்ளூராட்சிச் சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்ற சட்டம் 2018 தேர்தலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. வேட்புமனுக் காலத்தில் ஒரு கட்சியினர் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பிள்ளைக்கு இடியப்பம் தீத்திக்கொண்டிருந்தேன். பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் குறைகிறதாம், விடிந்தால் வேட்புமனுத் தாக்கல், கையெழுத்து வைக்கட்டாம். எந்த வட்டாரம், என்ன கொள்கை என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் தங்கச்சி" என்றார் ஒருவர். கை கழுவாமலே பேனாவை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய பேனாவில் என் கைத் தேங்காய்ப்பால் ஒட்டியிருந்தது.

பழைய ஒழுக்கம் என்று நீங்கள் எழுதும்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. 1961இல் கச்சேரி வாசலில் பெண்களும் இருந்தார்கள். ஆனால் கிளைக் கூட்டங்களில் அவர்கள் தேநீர் கொடுத்தார்கள். எங்கள் அம்மம்மா சொல்லியிருக்கிறார், கூட்டத்தில் பேசியதை அவர் குசினி யன்னலால் கேட்டாராம், ஒரு கருத்தும் இருந்ததாம். அவர் இறக்கும்வரை அந்தக் கருத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நான் கிளைக்கு வரத் தயார். குசினிப் பக்கம் வரமாட்டேன்.

நல்லூர் இளையவன்:

சுன்னாகத்து அக்கா எழுதியதை என் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

மூலக்கிளையான் ஐயா, நான் முதலில் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேட்கவேண்டும். உங்கள் கிளையில் வேட்பாளரைத் தெரிவுசெய்வது யார்? 2024இல் ஊரெல்லாம் மதுபானசாலை அனுமதி பற்றிய பேச்சாக இருந்தது. யாருக்குக் கிடைத்தது, யார் சிபாரிசு செய்தது என்று சனம் பெயர் பெயராகப் பேசியது. அப்படிப்பட்ட சிபாரிசுக்குப் போகமாட்டேன் என்று எழுதித் தராத ஒருவரை உங்கள் கிளை நிறுத்துமா?

மூலக்கிளையான், கோப்பாய்:

நிறுத்தாது தம்பி. அதுதான் நாங்கள் பேசி எடுத்த முதலாவது முடிவு. மாகாண சபை என்றாலும் பாராளுமன்றம் என்றாலும், எங்கள் பகுதியில் இருந்து பெயர் போவதற்கு முன்பு அந்த ஆள் கிளைக் கூட்டத்தில் வந்து நிலத்தில் பாயில் இருந்து கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மதுபானசாலை, காணி, வீட்டுத் திட்டம் எதிலும் சிபாரிசுக் கடிதம் கொடுத்துப் பயன்பெறமாட்டேன் என்று கைப்பட எழுதித் தரவேண்டும். அந்தக் கடிதத்தை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவோம். மேலிடம் வேறு பெயர் அனுப்பினால் நாங்கள் துண்டுப்பிரசுரம் கொடுக்கமாட்டோம், வீடு வீடாகப் போகமாட்டோம். எங்களிடம் இருக்கும் ஒரே பலம் வீடு வீடாகப் போகும் அந்த நடைதான். உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டார முறையில் தெரிவாகிறது. அங்கே ஒரு கிளையின் அந்த நடைக்கு மதிப்பு உண்டு. 2025 மே மாதத் தேர்தலில் வீட்டுக்குச் சனம் திரும்பி வந்தது அங்கேதான்.

சுன்னாகத்துத் தங்கைக்கு: கிளைச் செயலாளர், பொருளாளர் இரண்டில் ஒன்று பெண்ணாக இருக்கவேண்டும் என்று எழுதிக்கொள்கிறேன். தேநீரை என் மகன் ஊற்றுவான்.

தர்மபுரத்தாருக்கு: கூட்டத்தைத் தொடங்கும்போது 1949ஐ நீங்கள் எழுதியபடியே வாசிக்க அனுமதி தருவீர்களா? நீங்களே வந்து வாசித்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் வந்து திருநெல்வேலிச் சந்தியில் இறங்கினால் யாராவது கூட்டிவருவோம்.

சைவநெறி, இணுவில்:

என் கோரிக்கையை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கே பேசுவோம்.

தர்மபுரத்தான், கிளிநொச்சி:

வருகிறேன். அம்மாவும் வரவேண்டும் என்கிறார். அந்தத் தாளையும் கொண்டுவரவா என்று கேட்கிறார்.

மூலக்கிளையான், கோப்பாய்:

அம்மாவைக் கட்டாயம் கூட்டிவாருங்கள். முதல் ரசீதை அவர் பெயரில் எழுதுகிறோம்.

சுன்னாகத்தாள்:

ரசீதுப் புத்தகம் எங்கள் ஊர் அச்சகத்தில் அடிக்கலாம். 50 தாள் கொண்ட புத்தகம் இரண்டு போதுமா? நாளை விலை கேட்டு எழுதுகிறேன்.